மூட்டை கூடியது, காசு கூடியதா? எங்கள் கழனியின் கதை

கிருஷ்ணகிரி அணை வாய்க்கால் பாயும் காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் கழனி. ஏக்கருக்கு 12 மூட்டை கண்டுவந்த தாத்தா, ஐ.ஆர்.8 நெல் நட்ட முதல் போகத்தில் 25 மூட்டை அடித்தார். 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியான ரகம். குட்டை, யூரியா போட்டாலும் சாயாது. களத்துக் குவியலுக்குக் கற்பூரம் ஏற்றினாராம். பாட்டிக்கு மட்டும் முகம் சுருங்கியது. தாள் அவ்வளவு குட்டை. மாசி பிறந்ததும் மாடுகளுக்கு வைக்கோல் விலைக்கு வாங்கினார்கள். அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை.

மறு வருடம் ஊரே அதை நட்டது. மண்டிக்காரர் நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, “மோட்டா அரிசி, களிக்கு நொய்யாகத்தான் போகும்” என்று விலையைக் குறைத்தார். பொய் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அது கேழ்வரகுக் களிக்கும் இட்லிக்கும்தான் போனது.

அப்பா சன்ன அரிசியான வெள்ளைப் பொன்னிக்கு மாறினார். ஏக்கருக்கு ஐந்தாறு மூட்டை குறைவு, விலை அதிகம். கையில் காசு நின்றது அந்த ஆண்டுகளில்தான்; அக்கா திருமணமே அதில்தான் நடந்தது. ஒரு ஐப்பசி மழையில் முற்றிய பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. கதிரிலேயே நெல் முளைத்திருந்ததை அப்பா கிள்ளிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் நடுவது கோ 51. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்டது, 105 முதல் 110 நாள். அணையில் 120 நாள் தண்ணீர் விட்டால் கடைசி நனைப்புக்கு ஏங்க வேண்டியதில்லை. மூட்டைக்கும் குறைவில்லை. ஆனால் நடவுக் கூலியும் அறுவடை இயந்திர வாடகையும் போக மிஞ்சுவது, அப்பா காலத்துப் பொன்னிக் காசை எட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு பாரூர் ஏரிப் பாசனத்திலிருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, நானும் கோ 51 தான். முதல் வருடம் நன்றாக வந்ததால், வீட்டு நெல்லையே விதையாக எடுத்து ஐந்து வருடம் ஓட்டினேன். நெட்டையும் குட்டையுமாகக் கலவன் கதிர். ஒரு பக்கம் பழுத்தபோது மறுபக்கம் பச்சை. மூட்டை குறைந்ததும் ரகமே கெட்டுவிட்டது என்றார்கள். கெட்டது விதைதான். போன போகம் சான்று விதை (கலப்பில்லை என்று சோதித்துச் சான்று கொடுத்த விதை) வாங்கி நட்டேன், வயல் ஒரே மட்டமாகப் பழுத்தது. நீங்கள் விதை எங்கே எடுக்கிறீர்கள்?