ஹைஃபா 1918: மெஷின் கன்னுக்கு எதிரே குதிரைப்படை. போர்டு கேமில் இதை எப்படி வைப்பது?

குப்பத்து லான்சர்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் நாலைந்து பேர் கூடிப் போர் விளையாட்டு ஆடுவோம். இப்போது ஹைஃபா சண்டைக்கு (1918 செப்டம்பர் 23) வரைபடம், அதாவது முதல் உலகப்போரில் நம் ஜோத்பூர், மைசூர் லான்சர்ஸ் (ஈட்டிக் குதிரைப்படை) பாலஸ்தீனத்து ஹைஃபாவைத் துருக்கியரிடமிருந்து பிடித்த சண்டைக்கான வரைபடம், போட்டுக்கொண்டிருக்கிறேன். பெங்களூரு போனால் ஜே.சி. நகர் மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூணை ஒரு எட்டு பார்க்காமல் ரயில் ஏற மாட்டேன். இந்தச் சண்டை எனக்கு அவ்வளவு நெருக்கம்.

சிக்கல் இதுதான். எங்கள் விதிகளில் குதிரைப்படை ஒவ்வொரு ஹெக்ஸில் (வரைபடத்தின் அறுகோணக் கட்டத்தில்) நுழையும்போதும் மெஷின் கன் ஒரு தடவை சுடும். ஜோத்பூர் லான்சர்ஸ் கார்மல் மலையடிவாரத்தைத் தொடுவதற்குள் அவர்களின் சில்லுகள் (படைக் காய்கள்) எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. நடந்ததோ வேறு. பிரிகேடில் அன்று இறந்தவர்கள் 8 பேர், காயம்பட்டவர்கள் 34 பேர். பிடிபட்டது 1,350 கைதிகள், 17 பீரங்கிகள், 11 மெஷின் கன்கள்.

லான்சர்களுக்குப் பகடையில் இரண்டு கூட்டிக் கொடு, சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீரம் இருந்தது. மேஜர் தல்பத் சிங் அங்கேதான் உயிரை விட்டார். ஆனால் வீரம் குண்டைத் தடுக்காது. எது தடுத்ததோ அதை விதியாக்க வேண்டும்.

சித்தூர்ப்புழை

தம்பி, முதலில் உங்கள் ஒரு சுற்று எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 1824-இல் வந்த கிரீக்ஸ்பீல் என்ற பிரஷ்யப் போர் விளையாட்டில் ஒரு சுற்றுக்கு இரண்டே நிமிடம். பாய்ச்சலில் வரும் குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் கடக்கும். அப்படியென்றால் ஒரு சுற்றில் 800 மீட்டர். சுடுபவனுக்குக் கிடைப்பதும் அந்த இரண்டு நிமிடம்தான். ஹெக்ஸுக்கு ஒரு தடவை என்று சுடவிட்டால் அவனுக்கு இல்லாத நேரத்தை நீங்களே தூக்கிக் கொடுக்கிறீர்கள். மொத்தப் பாய்ச்சலுக்கும் சேர்த்து ஒரே தடவை பகடை உருட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் குறி. பீர்ஷெபாவில் (1917 அக்டோபர் 31) ஆஸ்திரேலிய லைட் ஹார்ஸ் சுமார் 800 பேர், வாள் கூட இல்லாமல் பயோனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். இறந்தவர்கள் 31 பேர். துருக்கியர்கள் தூரத்தில் வந்தபோது வைத்த துப்பாக்கி சைட்டை (தூரத்துக்கேற்ப மாற்றும் குறிக்கருவியை) கிட்டே வந்தபிறகு இறக்கவில்லை. குண்டுகள் தலைக்கு மேலே போயின. பக்கவாட்டில் சுட்ட மெஷின் கன்களை அடக்கக் குதிரைப் பீரங்கிகள் பின்னால் நின்றன.

அந்தப் பீரங்கிதான் முக்கியம். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 8, ஹூஜ். வார்விக்ஷயர், வூஸ்டர்ஷயர் யோமன்ரி (பிரிட்டிஷ் குதிரைப்படை) 170 பேர், துணைக்கு ஒரு பீரங்கியும் இல்லாமல், நேரே பீரங்கி வாய்க்கே போனார்கள். 11 பீரங்கிகளைப் பிடித்தார்கள். ஆனால் 26 பேர் சாவு, 40 பேர் காயம், 100 குதிரைகள் போயின. அதே பாலஸ்தீனம், அதே எதிரி. ஹைஃபாவில் பீரங்கி துணை இருந்தது. மைசூர் லான்சர்ஸில் ஒரு பகுதி கார்மல் மேலிருந்த பீரங்கிகளை நோக்கித் தனியாக ஏறியது. ஆகவே பகடைக்குக் கூட்டல் கொடுப்பதானால் இப்படிக் கொடுங்கள்: முந்தைய சுற்றில் எதிரி மீது சுட்டிருந்தால் ஒன்று, இன்னொரு பக்கமிருந்தும் நெருக்கினால் ஒன்று. இரண்டும் இல்லையா, ஹூஜ் கதிதான். முள்கம்பி போட்ட ஹெக்ஸ் என்றால் பாய்ச்சலே கிடையாது.

வேலந்தாவளம் ரேக்ளா

புழுதியை விட்டுவிட்டீர்களே அண்ணா. பொள்ளாச்சிப் பக்கம் 200 மீட்டர் ரேக்ளாவில் இரண்டு ஜோடி போனபிறகு எல்லைக்கோட்டில் நிற்பவருக்கே வண்டி தெரியாது. 1900 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவில் போயர்கள் முற்றுகையிட்ட கிம்பர்லியை மீட்கப் போன பிரிட்டிஷ் ஜெனரல் பிரெஞ்ச், கிளிப் டிரிஃப்டில் தன் குதிரைப்படை டிவிஷனையே பாயவிட்டபோது அந்தப் புழுதியில் போயர்களுக்கு ஆள் தெரியவில்லை. இழப்பு மிகக் கொஞ்சம். காய்ந்த நிலத்தில் பின்வரிசைச் சில்லுகளுக்கு மறைவு கொடுங்கள்.

குப்பத்து லான்சர்

சித்தூர் அண்ணா, ரொம்ப நன்றி. இரவே விதியை மாற்றி எழுதிவிட்டேன். இழப்பையும் இரண்டாகப் பிரிக்கிறேன். ஹைஃபாவில் ஆள் 8 போனபோது குதிரை 60 செத்தது, 83 காயம். அதனால் முதல் அடியில் சில்லைத் திருப்பினால் அது குதிரை இழந்த காலாள். அடுத்த அடியில்தான் பெட்டி. இறங்கிச் சண்டை போட்டால் நாலில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் சுடும் பலத்தில் கால் பங்கு குறையும்.

புழுதி விதியை மேட்டுநிலத்துக்கு மட்டும் வைக்கிறேன். கிஷோன் ஆற்றங்கரை புதைமணல். ஜோத்பூர்க்காரர்கள் அங்கே இறங்கப் பார்த்து, முடியாமல், இடது பக்கம் மலைச்சரிவுக்குத் திரும்பி மெஷின் கன்கள் மீதே ஏறினார்கள். அந்த ஹெக்ஸில் நுழைகிற முதல் சில்லு போய்விடும் என்று வைக்கலாமா, இல்லை நின்றுவிடும் என்று வைத்தால் போதுமா?

சித்தூர்ப்புழை

நின்றால் போதும் தம்பி. ஆனால் புதைமணல் என்று முன்கூட்டியே வரைபடத்தில் போடாதீர்கள். ஆடுகிறவர் உள்ளே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.