எதிர்பார்த்துப் போய் ஏமாந்த படங்கள்: எங்க பிழைச்சது? (திருகோணமலை ரசிகர்களின் அனுபவப் பகிர்வு)

டொக்யார்ட் வீதி:
கிட்டடியில பெரிய எதிர்பார்ப்போட வந்து படுத்த தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுங்கோ. "படம் சரியில்லை" எண்டு ஒரு வரியில முடிக்காதேங்கோ. கதையோ, ஒலியோ, நீளமோ, விளம்பரமோ, எது கவிழ்த்தது எண்டு பிரிச்சு எழுதினால் அடுத்த படத்துக்கு ரிக்கெட் எடுக்கிற ஆக்களுக்கு உதவும்.

உப்புவெளி:
கங்குவா. 2024 நவம்பர் 14 வெளியீடு. முதல் காட்சி முடிஞ்ச கையோட சனம் சொன்னது காதுவலியைப் பற்றித்தான். ஒலிக்கு ஒஸ்கார் வாங்கின ரசூல் பூக்குட்டியே படங்கள் ஒண்டையொண்டு மிஞ்சிச் சத்தம் கூட்டிற இந்தப் போட்டியைப் பற்றிக் கவலைப்பட்டு வெளிப்படையா எழுதினார். பிறகு தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா, தியேட்டர்களில ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருக்கிறம் எண்டார்.

அந்த இரண்டு புள்ளி சின்னக் கணக்கில்லை. தியேட்டர் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற டொல்பி கருவியின்ர குமிழில அளவு 0 முதல் 10 வரை. ஒலிக்கலவை செய்யிற கூடத்திலயும் தியேட்டரிலயும் 7 தான் பொது அளவு. 7இல வைச்சால், சோதனை இரைச்சல் ஓடேக்க திரைக்குப் பின்னால இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரவேணும். 4க்கு மேல ஒரு புள்ளி ஏறக்குறைய 3.3 டெசிபல். இரண்டு புள்ளி இறக்கினால் ஸ்பீக்கருக்குப் போற மின்னழுத்தம் பாதிக்கும் கீழ வந்திடும். முழக்கம் அடங்கும், வசனமும் சேர்ந்து அமுங்கும். ஏனெண்டால் அந்தக் குமிழ் எல்லாத் தடத்தையும் ஒண்டாத்தான் இறக்கும். கலவையிலேயே பின்னணி இசை வசனத்துக்கு மேல ஏறி நிண்டால் தியேட்டர்காரரால திருத்த ஏலாது. அடுத்த படத்துக்கு ஒப்பரேட்டர் குமிழைத் திருப்பி 7க்குக் கொண்டுவர மறந்தால், அதில வசனம் விளங்காமல் அந்தப் படத்துக்கும் கெட்டபேர்.

ஒலியை விட்டாலும், கோவாவில நடக்கிற இன்றைய காலப் பகுதியில படம் கனநேரம் இழுபட்டது. பழங்காலக் கதைக்காகத்தான் சனம் வந்தது. பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள்.

கிண்ணியா:
அதே 12 நிமிட வெட்டு இந்தியன் 2க்கும் நடந்தது. 2024 ஜூலை 12 வெளியீடு, மூன்று மணித்தியாலம். வெட்டினது உடனே எல்லாத் திரைக்கும் வந்திடாது. முழுப்படத்தையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை. எந்தத் துண்டு எந்த வரிசையில ஓடவேணும் எண்ட புதுப்பட்டியல், மாறின துண்டுகள், அதோட படத்தைத் திறக்கிற கேடிஎம் எண்ட புது டிஜிட்டல் திறப்பு, இவ்வளவும் போனால் போதும். அந்தத் திறப்பு குறிப்பிட்ட தியேட்டரின்ர சேர்வருக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் மட்டும்தான் வேலை செய்யும். அது வரும்வரை பழைய பிரதிதான் ஓடும். அதனால ரிக்கெட் எடுக்கேக்க படம் எத்தனை மணிக்கு முடியும் எண்டு கேளுங்கோ. இரவுக்காட்சிக்குப் பிறகு பாலம் தாண்டி வாற எங்களுக்கு 12 நிமிடமும் கணக்குத்தான்.

ஆனால் வெட்டிச் சரிப்படுத்திற பிழை இல்லை இது. 1996 இந்தியனில லஞ்சம் குடுக்காததால சேனாபதியின்ர மகள் சாகிறாள். கடைசியில பெத்த மகனையே கொல்லுறார். அந்த வலி கத்தியைப் பிடிச்ச கையில தெரிஞ்சது. இரண்டாம் பாகத்தில கொல்லப்படுற ஆக்களோட அவருக்கும் ஒட்டில்லை, எங்களுக்கும் ஒட்டில்லை. முடிவையும் மூன்றாம் பாகத்துக்குத் தள்ளி, கடைசியில அதின்ர முன்னோட்டத்தைப் போட்டார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வாழையிலையை மட்டும் விரிச்சுக் காட்டின மாதிரி.

சாம்பல்தீவு:
தக் லைஃப், 2025 ஜூன் 5. நாயகன் (1987) தந்த மணிரத்னமும் கமலும் திரும்பச் சேருகினம் எண்ட எதிர்பார்ப்பே பெரிய பாரம். இதுக்குமேல "முத்த மழை". அல்பத்தில பாடகி தீ பாடினது, வெளியீட்டு விழா மேடையில சின்மயி பாடினது எண்டு இரண்டுக்கும் ரசிகர் சண்டை. படத்தில அந்தப் பாட்டே இல்லை! பாட்டுக்காக வந்த சனத்துக்கு அதுவே முதல் ஏமாற்றம்.

டொக்யார்ட் வீதி:
வெட்டித் திருப்பி விட்டால் எடுபடுமோ? ஆளவந்தான் (2001), பாபா (2002) இரண்டும் அப்பிடி வந்ததே.

உப்புவெளி:
பாபா 2022 டிசம்பரிலயும் ஆளவந்தான் 2023 டிசம்பரிலயும் குறைச்சு வந்தது, தம்பி. ஆளவந்தானுக்கு வெட்டு உதவினது, ஏனெண்டால் அதில கமல் நடிச்ச நந்து எண்ட மனநோயாளியின்ர மனவுலகம் முதல்லயே பலமா இருந்தது. சுத்தி இருந்த சுமைதான் மறைச்சது. இந்தியன் 2இல வெட்டி வெளியில எடுக்க உள்ள அப்பிடி ஒண்டு இல்லை.

மூதூர்:
தீர்ப்புச் சொல்ல முதல் இருக்கையையும் பாருங்கோ. ஒலியை அளந்து சரிப்படுத்திறது திரையில இருந்து மண்டப நீளத்தின்ர மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில. அந்த வரிசையில நடுவில இருங்கோ. பக்கச்சுவரோட இருந்தால் ஓரத்து ஸ்பீக்கர் வசனத்தை விழுங்கும். 3டி எண்டால் கண்ணாடி வெளிச்சத்தில பெரும்பங்கைக் குடிச்சிடும். 2டிக்குத் திரையில 14 அடி-லாம்பேர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் இருக்கவேணும், 3டியில கண்ணுக்கு வாறது அதில பாதிகூட இல்லை. இரவுச் சண்டை உள்ள படத்தை 2டியிலேயே பாருங்கோ. சத்தம் கூடினால் இடைவேளை வரை பொறுக்காதேங்கோ, வாசலில நிக்கிறவரிட்டச் சொல்லுங்கோ. ஒப்பரேட்டர் கண்ணாடிக்குப் பின்னால சின்ன ஸ்பீக்கரில கேக்கிறார், மண்டபத்தில என்ன நடக்குது எண்டு அவருக்குத் தெரியாது.