டவர் ஸ்பீக்கரை தினமும் நகர்த்தணும், சுலபமான வழி உண்டா?

ஹால்வாசி:
வணக்கம். டவர் ஸ்பீக்கர் ஜோடி, தரையில நிக்கிற உசரமான வகை, நல்ல கனம். பாட்டு கேட்கும்போது சுவரை விட்டு முன்னால இழுக்கணும், முடிஞ்சதும் பழையபடி தள்ளி வைக்கணும். ஹால் எல்லாருக்கும் பொது, நடுவுல விட்டா வழி அடைக்குதுன்னு சண்டை. இப்போ ஒவ்வொரு மூலையா அசைச்சு அசைச்சு நடத்துறேன், இடுப்பு போகுது. அடியில மாட்ட ஃபெல்ட் (தடிமனான கம்பளித் துணி) ஒட்டின கால் வாங்கினேன், சரியா ஏறல. யாராவது வழி சொல்லுங்க, கொஞ்சம் அவசரம்.

தாளக்கட்டு:
அவசரம் சரி, விவரம் எங்கே? தரை டைல்ஸா, மரமா, கார்ப்பெட்டா? ஒண்ணு எத்தனை கிலோ? எவ்வளவு தூரம் நகரணும்? இப்போ அடியில இருக்கிறது ஸ்பைக்கா (கூர்முனை உலோகக் கால்), ரப்பரா? போர்ட் (பேஸ் ஒலி வெளியே வர்ற ஓட்டை) பின்னாலயா, அடியிலயா? "சரியா ஏறல"ன்னா உள்ளேயே போகலையா, பாதியில இறுகுதா?

பலகைக்காரன்:
விவரமெல்லாம் எதுக்கு, சக்கரப் பலகை செஞ்சா எந்தத் தரைக்கும் வேலை முடிஞ்சது. 18 மி.மீ. பிளைவுட், ஸ்பீக்கரின் அடியை விட நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலா வெட்டுங்க. 50 மி.மீ. ரப்பர் காஸ்டர் (சுழலும் சக்கரம்) நாலு, அதில் குறைஞ்சது ரெண்டு பிரேக் வச்சது. தரை ஒரே மட்டமா இருக்காது, எந்த நேரமும் மூணு சக்கரம்தான் உண்மையில் பாரம் தாங்கும். அதனால மொத்த எடையை நாலால் இல்லை, மூணால் வகுத்து காஸ்டர் வாங்குங்க. ஸ்பீக்கரைப் பலகை மேல சும்மா வைக்காதீங்க, ஸ்பைக் துளை வழியாவே கீழிருந்து போல்ட் போட்டு இறுக்கணும்.

மூத்தகாது:
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, புதியவர்கள் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம். டவர் ஸ்பீக்கர் என்பது ஓரிடத்தில் ஸ்பைக் போட்டு நிறுத்த வேண்டிய பொருள். அதற்குச் சக்கரம் கட்டினால் கிடைப்பது ஸ்பீக்கர் அல்ல, தள்ளுவண்டி. தினமும் நகர்த்துவதுதான் தேவை என்றால் முதலிலேயே புக்‌ஷெல்ஃப் என்ற சிறிய ஸ்பீக்கர் வாங்கியிருக்க வேண்டும்.

தாளக்கட்டு:
வாங்கினப்புறம் வந்து கேட்கிறவர்கிட்ட இதைச் சொல்லி என்ன பயன், சார்?

நெம்புகோல்:
கால் எதுவானாலும், தள்ளுகிற உயரம்தான் முக்கியம். டவர் கவிழ்வது பெரும்பாலும் தோள் உயரத்தில் கை வைப்பதால்.

கணக்கு எளிது. தள்ளும் திசையில் அடி அகலத்தில் பாதியை உராய்வுக் குணகத்தால் வகுத்தால், அதிகபட்சம் எந்த உயரத்தில் கை வைக்கலாம் என்று வரும். அதற்கு மேலே தள்ளினால் சறுக்குவதற்கு முன் சாயும். 36 செ.மீ. ஆழமுள்ள பெட்டி, ரப்பர் கால், குணகம் 0.7 என்று வைத்தால்: 18 / 0.7, சுமார் 26 செ.மீ. அதாவது முழங்காலுக்குக் கீழே. பக்கவாட்டில், 22 செ.மீ. அகலத்துக்கு, 16 செ.மீ. அந்த உயரத்தில் குனிந்து யார் தள்ளுவார்கள்? அதனால்தான் எல்லோரும் மூலை மூலையாக நடத்துகிறார்கள். ஃபெல்ட் என்றால் குணகம் 0.25 வாக்கில் வரும், உயரம் 72 செ.மீ. ஆகிவிடும். ஆனால் டைல்ஸ் இணைப்பில் கால் ஒரு நொடி சிக்கினாலும் இந்தக் கணக்கு செல்லாது. எனவே தள்ளும் கை 40 செ.மீ.க்கு மேலே போகவேண்டாம். ஒரு கை கீழே தள்ளட்டும், மற்றது மேலே சும்மா தாங்கட்டும். வூஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய வட்டு) கோனையோ, முன்வலையான கிரில்லையோ பிடிக்கக் கூடாது.

மூலை மூலையாக நடத்துவதை இன்றே நிறுத்துங்கள். மொத்தப் பாரமும் ஒரே கால் மேல் சாய்ந்து விழுகிறது. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையில் பதித்த இன்செர்ட் (மரை உள்ள உலோகக் குழல்) பக்கவாட்டு விசையில் கழன்று வந்துவிடும். பிறகு துளையை எபாக்ஸி போட்டு அடைத்துப் புதிதாகப் பதிக்க வேண்டியிருக்கும்.

ஹால்வாசி:
டைல்ஸ் தரை. ஒண்ணு 34 கிலோ. 60-70 செ.மீ. நகரணும். ஸ்பைக் கழட்டிட்டேன், இப்போ வெறும் ரப்பர் பட்டன். புது கால் ரெண்டு சுற்று போகுது, அப்புறம் இறுகிடுது. ஸ்பேனர் வச்சு முறுக்கிடலாமா?

நெம்புகோல்:
வேண்டாம்! ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

திருகாணி:
வேண்டவே வேண்டாம். ரெண்டு சுற்று லூசா போய் அப்புறம் கடிச்சா, அது மரை மாறின கேஸ். நீங்க வாங்கினது எம்6, ஸ்பீக்கர்ல இருக்கிறது கால் அங்குல மரையா இருக்கும். எம்6 விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. கால் அங்குலம் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 1.27 மி.மீ. விட்டம் சின்னதுங்கறதால உள்ளே நுழையும், இடைவெளி ஒத்துவராததால பாதியில கடிக்கும். முறுக்கினா இன்செர்ட் பித்தளை, மரை வழிச்சுக்கிட்டுப் போயிடும், இல்ல இன்செர்ட்டே பலகைக்குள்ள சுத்த ஆரம்பிக்கும்.

கழட்டின பழைய ஸ்பைக் இருக்கும்ல? அதை ஸ்கேல் மேல படுக்க வச்சு பத்து இடைவெளி எவ்வளவு நீளம்னு பாருங்க. 10 மி.மீ. வந்தா எம்6. 12.5, 12.7 வந்தா விட்டத்தையும் பார்க்கணும், ஏன்னா எம்8-க்கும் இடைவெளி 1.25 தான். 8 மி.மீ. தடியா இருந்தா எம்8, ஆறு சொச்சம்னா கால் அங்குலம். பத்து இடைவெளி 14-ஐ ஒட்டி வந்தா 5/16 அங்குலம். கடைக்கு அந்த ஸ்பைக்கையே எடுத்துட்டுப் போனா இந்தக் கணக்கும் வேண்டாம்.

பலகைக்காரன்:
34 கிலோ, டைல்ஸ். நான் சொன்ன பலகைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு.

தாளக்கட்டு:
பலகை அண்ணே, 50 மி.மீ. காஸ்டர் பொருத்தினா மட்டும் 7 செ.மீ. உயரம், பலகையோட 9 செ.மீ. ட்வீட்டர் (கீச்சு ஒலி தர்ற சின்ன வட்டு) காதுக்கு மேலே ஏறிடும். 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா சுமார் 2 டிகிரி விலகல். அதைச் சரிசெய்ய பின்பக்கத்தை 12-13 மி.மீ. தூக்கி முன்னால சாய்க்கணும். ஏற்கெனவே தலைக்கனம், அதுவும் சக்கரத்து மேல, முன்னால சாய்ச்சு வேற! சின்னப் பிள்ளைங்க ஓடுற ஹால்ல இதை நான் செய்யமாட்டேன்.

பலகைக்காரன்:
அப்போ பலகையை சக்கரத்துக்கு மேல வைக்காம நடுவுல தொங்கவிடுங்க. நாலு மூலையிலும் இசட் வடிவ இரும்புப் பட்டை, அதன் மேல் முனையில காஸ்டர், கீழ் முனையில பலகை. தரைக்கும் பலகைக்கும் 10 மி.மீ. விட்டா போதும், மொத்தமே 3 செ.மீ.க்குள்ள முடியும். சக்கரம் வெளியே தள்ளி இருக்கிறதால சுலபத்துல கவிழாது.

தாளக்கட்டு:
அது நல்ல யோசனை. பார்க்கத்தான் மருத்துவமனை ட்ராலி மாதிரி இருக்கும்.

மூத்தகாது:
நீங்கள் எல்லோரும் உயரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஸ்பைக் இல்லாவிட்டால் வூஃபர் முன்னே போகும்போது பெட்டி பின்னே நகரும், பேஸ் குழம்பும், சிறு ஒலிகள் மறைந்துபோகும். ஃபெல்ட் என்பது மெத்தை. இதைக் கேட்டு உணரக் காது வேண்டும்.

நெம்புகோல்:
சார், 34 கிலோ பெட்டி. கோனும் காயிலும் சேர்ந்து அசையும் நிறை சில பத்து கிராம். விகிதம் ஆயிரத்தில் ஒன்று அளவுக்கே வரும். கோன் 5 மி.மீ. போனால் பெட்டி மைக்ரான் கணக்கில்தான் அசையும். பலகை போட்ட மரத் தரையில் கால் மாறினால் தரை அதிர்வு மாறும், கேட்கும், மறுக்கவில்லை. காங்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில் ஸ்பைக் செய்யும் உருப்படியான வேலை டைல்ஸைக் கீறுவது.

அவர் 65 செ.மீ. முன்னே இழுப்பதில் வரும் மாற்றம் இதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலி, முன்பலகைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கால் அலைநீளம் ஆகும் அதிர்வெண்ணில் நேர் ஒலியை வெட்டும்; அங்கே ஒலியில் பள்ளம் விழும். பெட்டியின் முதுகு சுவரிலிருந்து 15 செ.மீ. என்றால் முன்பலகை 51 செ.மீ., பள்ளம் 168 ஹெர்ட்ஸ் வாக்கில். இழுத்தபின் 116 செ.மீ., பள்ளம் 74-க்கு இறங்கும். ஆண் குரலின் அடிப்பகுதியிலிருந்து பள்ளம் விலகிவிடுகிறது.

மூத்தகாது:
காகிதத்தில் கேட்கும் தலைமுறை. வாழ்த்துகள்.

திருகாணி:
ஸ்பைக் சண்டைக்கு தனி இழை இருக்கு, அங்கே போங்க ரெண்டு பேரும். ஹால்வாசிக்கு நான் சொல்றது: சரியான மரையில, 50 மி.மீ. வட்டம், ஓரம் வளைஞ்ச டெஃப்லான் சறுக்குக் கால். நாலு காலுக்கும் தனித்தனி லாக் நட் (கால் சுத்தாம இறுக்கிப் பிடிக்கிற நட்) வரணும். ஓரம் வளைவா இல்லேன்னா டைல்ஸ் இணைப்புல முட்டும். ஃபெல்ட்டும் ஓடும், ஆனா மணல் துகள் அதுல புதைஞ்சா டைல்ஸ் மினுமினுப்பு போயிடும். போடுறதா இருந்தா வாரம் ஒருமுறை துடைச்சுப் பாருங்க, நசுங்கினதும் மாத்துங்க. பசை ஒட்டுற வகை மட்டும் வேண்டாம். பக்கவாட்டு இழுப்புல பசை மெல்ல வழுக்கி, கால் ஒரு பக்கம் பசை ஒரு பக்கம் நிக்கும். கார்ப்பெட் தரைக்காரங்க ஃபெல்ட் பக்கமே போகாதீங்க, வழவழப்பான பிளாஸ்டிக்தான் சறுக்கும்.

மாட்டும்போது ஸ்பீக்கரைத் தலைகீழா நிறுத்தாதீங்க. தடிமனான போர்வை விரிச்சு முதுகுப்பக்கமா படுக்க வைக்கணும், ரெண்டு பேர் வேணும். ஒயர் டெர்மினல்ல பாரம் விழாம மேலேயும் கீழேயும் தலையணை.

தாளக்கட்டு:
யாரும் ஒயரைப் பத்திப் பேசல. நகரும் தூரத்தை விட அரை மீட்டர் கூடுதலா விடுங்க. ஸ்பீக்கர் முதுகுல ஒரு கிளிப் போட்டு ஒயரை அதில் பிடிச்சுக்கங்க, இழுப்பு கிளிப்போட நிக்கும், டெர்மினலுக்குப் போகாது. நகர்த்தும்போது ஆம்ப் ஆஃப்ல இருக்கணும். பனானா பிளக் (ஒயர் முனைச் செருகி) ரெண்டும் கழன்று ஒண்ணோட ஒண்ணு தொட்டா அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடலாம்.

அப்புறம் இடம் குறிக்கிறது. தரையில டேப் ஒட்டினா பெருக்குறப்ப பிய்ஞ்சிடும். ஒரு மரக்குச்சியை சுவருக்கும் பெட்டி முதுகுக்கும் உள்ள தூரத்துக்கு வெட்டி வச்சுக்கங்க, இடம் வலம் வேறன்னா ரெண்டு குச்சி. முதுகோட ரெண்டு ஓரத்திலயும் வச்சுப் பார்த்தா உள்பக்கம் திருப்பின கோணமும் தெரியும், குச்சியில ஓரத்துக்கு ஒரு கோடு கீறிக்கங்க. உட்காரும் இடத்திலிருந்து ரெண்டு ட்வீட்டருக்கும் தூரம் 1 செ.மீ.க்குள்ள ஒத்துவந்தா போதும்.

போர்ட் பின்னாலயான்னு கேட்டேன், பதிலே வரல. பின்னாலன்னா, சுவரோரம் இருக்கும் நேரத்துக்கு ஃபோம் அடைப்பான் போட்டாலே பாதி நாள் இழுக்க வேண்டியிருக்காது.

ஹால்வாசி:
கால் அங்குலம்தான். டெஃப்லான் கால் போட்டாச்சு, நல்லா ஓடுது. போர்ட் பின்னால. இடது ஸ்பீக்கர் மட்டும் லேசா ஆடுது. எல்லாருக்கும் நன்றி.

திருகாணி:
நாலுல ஒரு கால் தரையைத் தொடல. பாட்டு கேட்கும் இடத்துல நிறுத்தி, குறுக்கு மூலைகளை மாத்தி மாத்தி அழுத்துங்க, எது தொங்குதுன்னு தெரியும். அந்தக் காலை மட்டும் கால் சுற்று, கால் சுற்றா இறக்குங்க, ஆட்டம் நின்னதும் லாக் நட்டை இறுக்குங்க. காலை ஒரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு நட்டை இன்னொண்ணுல திருப்பணும், இல்லேன்னா காலும் சேர்ந்து சுத்தும். சுவரோரம் தள்ளினப்ப திரும்ப ஆடினா விடுங்க, அங்கே தரை மட்டம் வேற.

பலகைக்காரன்:
இசட் பட்டை பலகைக்கு வரைபடம் வேணும்னா கேளுங்க, போடுறேன்.

மூத்தகாது:
ஸ்பைக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.