பெட்ரோல் காசு நிர்வாகச் செலவா?

தணிக்கை மணி:
ஏழைக் குடும்பங்களில் வேலை செய்கிற உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு அறக்கட்டளைகள் கேள்வி கேட்காமல் நிதி தர வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருந்தது. நான் பார்த்த பல கணக்குகளில் சம்பளமும் பெட்ரோலும்தான் நிறைந்திருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அந்த நிதியில் 50 சதவீதமாக இருந்த நிர்வாகச் செலவு வரம்பை 2020-ல் 20 ஆகக் குறைத்தது சும்மாவா?

உசிலைக்காரன்:
எழுதியது நான்தான் சார். "கேள்வி கேட்காமல்" என்று எழுதவே இல்லை. ஒரு வருஷத்தில் கைகழுவிவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் எழுதினேன்.

சரி, பெட்ரோலுக்கே வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. பாட்டி செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கினார். அதை மகன் உழைத்துக் கழித்தார், கழிவதற்குள் இன்னொரு அட்வான்ஸ். பேரன் இப்போது ஆறாம் வகுப்பு. தாய் தகப்பன் வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும், அப்போது போனால்தான் பேச முடியும். பேசிவிட்டுக் கிளம்பும்போது கடைசி பஸ் போயிருக்கும். அந்தப் பையனின் சாதிச் சான்றிதழுக்கு மட்டும் தாலுகா ஆபீசுக்கு 14 நடை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அது அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர, ஒரு ஆள் வண்டி எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

தணிக்கை மணி:
கதை நன்றாக இருக்கிறது. வண்டி ஓட்டும் செலவு, பராமரிப்புச் செலவு எல்லாம் நிர்வாகச் செலவு என்று அந்தச் சட்டத்தின் விதியில் அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

உசிலைக்காரன்:
அதே விதியை முழுசாகப் படியுங்கள். ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம், பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் போல நோக்கத்துக்கு நேரடியாக ஆகும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்றும் இருக்கிறது. நான் அந்த வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வேலையே. அப்புறம் அந்தப் பெட்ரோல் எப்படி நிர்வாகம் ஆகும்?

மேலூர் மகள்:
அண்ணே, எங்களை மாதிரிச் சின்ன டிரஸ்டுக்கு வெளிநாட்டுப் பணம் எங்கே வருகிறது? பெரிய நிறுவனம் வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது உண்டு. 2020 திருத்தம் அதையும் தடுத்துவிட்டது. அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

தணிக்கை மணி:
கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்துக்குப் போங்களேன். அங்கே நிர்வாகச் செலவு வெறும் 5 சதவீதம். பெட்ரோல் என்று வாயே திறக்க முடியாது.

மேலூர் மகள்:
அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. திட்டத்தை நடத்துகிற டிரஸ்டின் செலவுக்கு அல்ல. தணிக்கை பார்க்கிறவருக்கே இது தெரியாதா?

அழகர்மலை:
எதற்கு அடுத்தவன் பணம்? அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா கூலிக்காரப் பெண்களைக் களஞ்சியம் என்கிற சேமிப்புக் குழுக்களில் சேர்த்து, சொந்தக் காசைச் சேமிக்க வைத்தார். 2001-ல் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருமை அது.

தணிக்கை மணி:
பத்மஸ்ரீயும் அப்போதே கொடுத்தார்கள். சரியாகச் சொன்னீர்கள்.

அழகர்மலை:
பத்மஸ்ரீ 2019-ல். எங்கள் ஊர் விஷயத்தைத் தப்பாகச் சொல்லாதீர்கள்.

உசிலைக்காரன்:
அந்த அம்மாவை நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஊர் ஊராகப் போய்க் குழு கூட்டிய ஊழியர்கள் காற்று குடித்தா வாழ்ந்தார்கள்? சேமிக்க முதலில் கையில் கூலி மிஞ்ச வேண்டும். சூளை வீட்டில் கூலி வருவதற்கு முன்பே கடனில் கழிந்துவிடுகிறது. அந்தப் பையன் பத்தாவது முடிக்க இன்னும் நாலு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. எங்களுக்கு வந்த நிதி இந்த மார்ச்சோடு முடிகிறது. ஏப்ரலில் அந்த வீட்டுக்கு யார் போவது?

தணிக்கை மணி:
இப்படித்தான் கண்ணீரைக் காட்டிக் கணக்கை மறைக்கிறீர்கள். ஒரு டிரஸ்டில் களப்பணி என்று எழுதி, நிர்வாகி வீட்டுக் கல்யாணத்துக்குக் கார் ஓடியதை நானே லாக் புக்கில் பிடித்திருக்கிறேன்.

உசிலைக்காரன்:
அவரைப் பிடித்தது சரி. அதற்காக என் ஹீரோ ஹோண்டாவை ஏன் பிடிக்கிறீர்கள்? 14 நடைக்கும் தேதி போட்டு ரசீது வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

தணிக்கை மணி:
ரசீது இருந்தாலும் கணக்குத் தலைப்பு மாறாது. நிர்வாகச் செலவு.

உசிலைக்காரன்:
திட்டச் செலவு சார்.

மேலூர் மகள்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.