குடும்பக் குழு: டிசம்பர்ல ராக்கி கிரீக்

நிலா: பெரியப்பா, டிசம்பர் லீவுக்கு சிட்னி டிக்கெட் போட்டாச்சு. ராக்கி கிரீக் கேன்யன், அதான் தண்ணி ஓடுற அந்தக் குறுகின பாறை இடுக்கு, அங்க போலாம்னு இருக்கோம். அங்க அப்ப கோடைதானே, குளிர் தாங்குற ரப்பர் உடுப்பு, வெட்சூட், தேவையா?

கதிர் பெரியப்பா: தேவைம்மா. வெளிய 30 டிகிரி அடிச்சாலும் உள்ள தண்ணி பெரும்பாலும் 15க்குக் கீழதான். ரெண்டு பக்கமும் மணற்பாறைச் சுவர், நடுவுல குறுகின இடுக்கு. வெயில் உச்சி நேரத்துல கொஞ்ச நேரம்தான் எட்டிப் பாக்கும், தண்ணி எப்படிச் சூடாகும்? கயிறு கட்டித் தொங்கி இறங்குற அருவி அங்க கிடையாது. அதனாலதான் புதுசா போறவங்களுக்கு ஏத்த இடம். அங்க பயப்பட வேண்டியது உயரத்துக்கு இல்ல, குளிருக்கு.

மாலா அத்தை: அண்ணே சொல்றது சரி. நிலா, முழுக்கை முழுக்கால் சூட்தான் எடு. 3 மி.மீ குறைஞ்சபட்சம், அப்புவுக்கு 5. ஒல்லிப் பசங்களுக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிடும். முதுகுலயும் அக்குள்லயும் தொளதொளன்னு இருந்தா ஒவ்வொரு அசைவுக்கும் குளிர்ந்த தண்ணி உள்ள புகுந்து வெளிய போகும், போட்டும் பிரயோஜனமில்ல. உள்ள பருத்தி டீசர்ட் போடாத, பாலிஸ்டர் போடு.

நிலா: ஷூ? என்கிட்ட வாட்டர் சாண்டல் இருக்கு.

மாலா அத்தை: சாண்டல் வேண்டாம்மா, விரல் பாறையில இடிக்கும். நியோபிரீன் (வெட்சூட் செய்யுற ரப்பர்) சாக்ஸ், மேல பிடிமானமான ரப்பர் அடி கான்வாஸ் ஷூ. அங்க உள்ளவங்க ரொம்ப காலம் டன்லப் வாலிங்கிற அந்த மாதிரி ஷூ போட்டுத்தான் இறங்கினாங்க.

சுரேஷ் அண்ணா: நாமளே கார் எடுத்துப் போகலாமா மாமா?

கதிர் பெரியப்பா: வழிகாட்டியோட போங்க சுரேஷ். அது லித்கோ ஊருக்கு மேல நியூன்ஸ் மேட்டுநிலம், மண் ரோடு. வாடகைக் காரை மண் ரோட்டுல ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு ஒப்பந்தத்துலயே பெரும்பாலும் இருக்கும். போன் சிக்னலும் எதிர்பாக்காத. கட்டூம்பா ஊர்ல இருந்து கூட்டிட்டுப் போறவங்க, பக்கத்துல இருக்கிற டுவிஸ்டர் கேன்யனையும் ராக்கி கிரீக்கையும் ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க. சூட், ஹெல்மெட் அவங்களே தருவாங்க. எத்தனை மி.மீ சூட், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்னு முதல்லயே கேளு. கூட்டம் பெருசா இருந்தா ஒவ்வொரு இறக்கத்துலயும் ஈரத்தோட காத்து நிக்கணும், குளிர் ஏறுறதே அங்கதான்.

நிலா: டுவிஸ்டர்ல குதிக்கணுமாமே?

கதிர் பெரியப்பா: கட்டாயமில்ல. சறுக்கி இறங்கலாம், முடியாதவங்களைக் கயிறு பிடிச்சு இறக்குவாங்க. ஒரு வெள்ளம் வந்து போனா மணலும் மரக்கட்டையும் இடம் மாறிடும். போன வாரம் ஆழமா இருந்த குளம் இந்த வாரம் இடுப்பளவுதான் இருக்கலாம். அதனால முதல் ஆள் மெதுவா இறங்கி, காலால துழாவி ஆழம் பாத்த பிறகுதான் அடுத்தவர் குதிக்கணும். கணுக்காலும் முட்டியும் உடையுறது இதைப் பாக்காம குதிக்கிறதாலதான். முட்டியை லேசா மடக்கி, கால் முதல்ல. தலைகீழா ஒருபோதும் கூடாது.

மாலா அத்தை: முதல் குளத்துலயே தொபுக்கடீர்னு விழாதீங்க. முகத்துலயும் பிடரியிலயும் தண்ணி தெளிச்சு, நெஞ்சளவு இறங்கி நில்லுங்க. குளிர் பட்டதும் மூச்சு தானா திக்கித் திக்கி இழுக்கும். ஓரிரு நிமிஷத்துல அடங்கிடும். அது அடங்காம நீந்தினா தண்ணி குடிச்சிடுவீங்க.

நிலா: அப்புவுக்குக் குளிர் அதிகமாச்சுன்னு எப்படித் தெரியும் அத்தை?

மாலா அத்தை: பேச்சு குழறும், பக்கிளை மாட்டத் தெரியாம விரல் தடுமாறும், நடை தள்ளாடும். நடுக்கம் நின்னுட்டா சரியாயிட்டான்னு நினைக்காத, அது இன்னும் மோசமான கட்டம். உடனே வெளிய கொண்டு வந்து, ஈரத்தைக் கழட்டி, காஞ்ச துணி, கம்பளித் தொப்பி, முழிச்சிருந்தா சூடா இனிப்பா மைலோ மாதிரி சாக்லேட் பானம். பிளாஸ்க்கையும் மாத்துத் துணியையும் தண்ணி புகாத டிரை பேக்ல வச்சுக்கோ.

சுரேஷ் அண்ணா: மழை?

கதிர் பெரியப்பா: அதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. கோடையில மதியத்துக்கு மேல இடிமழை வரும். தலைக்கு மேல நீல வானம் இருந்தாலும், மேல்பக்கம் பெய்ஞ்ச மழை அந்த இடுக்குக்குள்ளதான் வந்து சேரும், ஏறி ஒதுங்க இடம் இருக்காது. காலையில சீக்கிரம் கிளம்புங்க. தண்ணி கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ அப்பவே வெளியேறணும். வழிகாட்டி ரத்து பண்ணினா வாதாடாதீங்க, அன்னைக்கு பிளாக்ஹீத் ஊர்ல இருக்கிற காட்சிமுனைகளைப் பாருங்க.

ஆனா நல்ல நாளா அமைஞ்சா நின்னு நிமிர்ந்து பாருங்க. அலை அலையா அரிச்ச சுவர்ல மேல இருந்து வெளிச்சம் வழியும். அவசரமா நீந்தி முடிச்சிடாதீங்க.

சுரேஷ் அண்ணா: அழிஞ்சுபோச்சுன்னு நினைச்ச பழங்கால வொலமை பைன் மரம் அங்கதானே?

கதிர் பெரியப்பா: ராக்கி கிரீக் இருக்கிற அதே வொலமை தேசியப் பூங்காதான். 1994ல பூங்கா ஊழியர் டேவிட் நோபிள் ஒரு கேன்யன் பக்கம் கண்டுபிடிச்சது. இடத்தை ரகசியமா வச்சிருக்காங்க. ஷூவுல ஒட்டின மண் வழியா அந்த மரங்களுக்கு வேர் அழுகல் நோய்க்கிருமி பரவும், அதனால போறதுக்கு முன்னாடி தேய்ச்சுக் கழுவுங்க. பழைய ஷூ கொண்டு போனா சிட்னியில இறங்கும்போது பயணி அட்டையில சொல்லிடுங்க. மண் இருந்தா நிறுத்துவாங்க.

நிலா: சரி பெரியப்பா. இன்னைக்கே புக் பண்றேன்.

மாலா அத்தை: நாலு பேரோட உயரம், எடை, ஷூ சைஸ் எழுதி அனுப்பிடு, சூட் எடுத்து வைக்க அதைத்தான் கேப்பாங்க. கண்ணாடி போடுறவங்களுக்குக் கயிறு வாங்கு, மோதிரம் சங்கிலி எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும்.