மறு: ‘புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்’ – ‘கேட்குமுன் வெளியீடு’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால், ‘புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் எதற்குத் தேடுகிறோம் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றதும் எல்லாருக்கும் 6ஆம் பிரிவுதான் நினைவுக்கு வரும்: பத்து ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுவது. அதற்கு முன்னாலேயே 4ஆம் பிரிவு இருக்கிறது. யாரும் மனுப் போடாவிட்டாலும் அலுவலகம் தன் பணி, அதிகாரிகள், சம்பளம், ஒதுக்கிய நிதி, செலவான நிதி என்று 17 தலைப்புகளில் தகவல்களை வெளியிட்டு வைத்திருக்க வேண்டும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்’ என்கிறார்கள். மனுப் போடும் தேவையே குறைய வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் நோக்கம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாமே இதில் அடங்கும்.

> ‘தன்னிச்சையாக வெளியிடும் தகவல்’ என்று எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம், புதுச்சொல் எதற்கு?

ஐயா, தன்னிச்சை என்றால் இன்றைக்கு மனம்போன போக்கு என்றுதான் காதில் விழுகிறது. ‘தலைவர் தன்னிச்சையாக முடிவெடுக்கிறார்’ என்று கவுன்சிலர்கள் வெளிநடப்புச் செய்யும் செய்திகளில் வருகிற சொல் அது. வெளிப்படையாக இருப்பதற்கும் அதையே வைத்தால் எப்படி? ‘தன்னார்வ வெளியீடு’ அதைவிட மோசம். விரும்பினால் செய்யலாம் என்கிற பொருள் அதில் இருக்கிறது. சட்டமோ ‘வேண்டும்’ என்கிறது.

இழையில் வந்த ‘முன்வைப்பு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் டெண்டர் விளம்பரம் படிக்கிறவர்களுக்கு முன்வைப்புத் தொகை என்றால் ஈ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டுகிற பிணைத்தொகை. அதே துறையில், அதே பக்கத்தில் இரண்டு பொருளில் ஒரு சொல் வேண்டாம். ‘முன்வெளியீடு’ என்பதைப் பதிப்பகத்தார் சலுகை விலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘கடமை வெளியீடு’ என்றால் கடமைக்குச் செய்வது என்றாகிவிடும் (இப்போது நடப்பது அதுதான் என்பது வேறு விஷயம்).

நான் ‘கேட்குமுன்’ என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் காலண்டர். மனுவுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. 2000இல் வந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாள் கொடுத்தால் போதும். கிராம ஊராட்சியில் நடக்கிற வேலைகளில் 2 கோடியைத் தாண்டுவது எத்தனை? விளம்பரம் வந்த அன்றே ஒருவர் ஓடிப்போய், ‘இந்தத் தெருவுக்கு எஸ்டிமேட் எப்படிப் போட்டீர்கள், எந்தத் தீர்மானத்தின் பேரில்?’ என்று மனுக் கொடுத்தாலும், பதில் வருவதற்குள் ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து, ஆளை முடிவுசெய்து, வேலை உத்தரவும் கொடுத்திருப்பார்கள். ‘அதான் மனுப் போட்டால் தருகிறோமே’ என்பது அலுவலகங்களில் வழக்கமாகக் கிடைக்கிற பதில். தருவார்கள், சரி. அப்புறம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனவே இந்தக் கருத்தின் உயிர் ‘முன்’ என்பதில்தான் இருக்கிறது. அந்த அசை இல்லாத எந்தச் சொல்லையும் நான் ஏற்கமாட்டேன்.

வேலை முடிந்த பிறகும் இதே கதைதான். தெருமுனையில் பலகை இருக்கும்: திட்டத்தின் பெயர், மதிப்பீடு இத்தனை லட்சம், ஆண்டு. அதை வைத்து ஒன்றும் சரிபார்க்க முடியாது. பொறியாளர் கையில் இருக்கும் அளவுப் புத்தகத்தில்தான் (எல்லாரும் சொல்வது எம்-புக்) நீளம், அகலம், கனம் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள். அந்தப் பக்கத்தின் நகலை பில் பாஸ் ஆவதற்கு முன் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். சிமெண்ட் ரோட்டின் கனம் 15 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால், தெருவில் குடியிருக்கிற கொத்தனார் ஓரத்தில் டேப்பை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். தணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். மஸ்டர் ரோலையும் (வேலைக்கு வந்தவர்களின் வருகை, கூலிப் பட்டியல்) பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளியே வந்தது. ஆனால் அந்தத் தாள்களைக் கையில் வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு நடந்த போராட்டமெல்லாம் நகல் கேட்டுத்தான். 2005 சட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

> எங்கட பக்கம் ‘முன்கூட்டிய வெளிப்படுத்துகை’ எண்டு எழுதலாம்.

யாழ்ப்பாண நண்பர் சொல்வதும் நல்ல சொல்தான். இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட திட்டங்களைப் பற்றித் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. காலக்கணக்கு அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ‘முன்கூட்டிய’ என்றால் எதற்கு முன்பு என்பது தெரியவில்லை. ‘வெளிப்படுத்துகை’யும் ஊராட்சிச் செயலர் பலகையில் எழுத நீளம். (‘புரொக்யூர்மென்ட்’டுக்கு நீங்கள் எழுதும் ‘பெறுகை’யை மட்டும் எங்களுக்குக் கடன் கொடுங்கள். நாங்கள் ‘கொள்முதல்’ என்று எழுதினால் தஞ்சாவூர்க்காரர்கள் நெல் மூட்டையோடு வந்து நிற்கிறார்கள்.)

இலக்கணத் தடை ஒன்று சொல்லப்பட்டது: ‘கேட்குமுன்’ வினையைத்தானே தழுவும், ‘வெளியீடு’ என்ற பெயரோடு எப்படிச் சேரும்? ‘வருமுன் காப்போம்’ என்று திட்டத்துக்கே பெயர் வைத்து, ‘வருமுன் காப்பு’ என்றும் எழுதிப் பழகிவிட்டோம். ‘வெளியீடு’ம் ‘காப்பு’ போலத் தொழிற்பெயர்தான், உறுத்தவில்லை. ‘கேளா வெளியீடு’ இதைவிடக் கச்சிதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘செவி கேளாதோர்’ முந்திக்கொண்டு வந்து நிற்கிறதே.

வேறு மறுப்பு இல்லையென்றால் இதையே பட்டியலில் சேர்க்கலாம். அடுத்து ‘சிங்கிள் பிட்’டை, அதாவது ஒரே ஒருவர் மட்டும் ஒப்பந்தப்புள்ளி போட்டிருப்பதை, எடுத்துக்கொள்வோமா? ‘ஒற்றைப் புள்ளி’ என்றால் எழுத்துப் பிழை திருத்துவது போல இருக்கிறது. ‘தனிப்புள்ளி’ பரவாயில்லை. ஒரே ஆள் மூன்று பெயரில் போடுவதற்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.