மறு: ஆன்டிஃபைப்ரினோலிடிக் மருந்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> டிரனெக்சாமிக் அமிலம் போன்றவற்றைக் ‘குருதியுறைப்பி’ எனலாம். சுருக்கமாக இருக்கும்.

ஐயா, சுருக்கம் நல்லதுதான், ஆனால் பொருள் மாறிவிடுகிறது. இந்த மருந்து குருதியை உறைய வைப்பதில்லை. உறைந்ததைக் கரையவிடாமல் காக்கிறது. (ஈழத்தில் உறைப்பு என்றால் காரம், அதையும் யோசிக்க வேண்டும்.)

காயம்பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னிக் குருதி உறைகிறது. பிளாஸ்மின் என்ற நொதி பிறகு அந்த வலையைக் கரைக்கும். அதன் முன்வடிவமான பிளாஸ்மினோஜென், இழையில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். டிரனெக்சாமிக் அமிலம் பார்ப்பதற்கு லைசின் மாதிரி. அது முந்திப்போய் பிளாஸ்மினோஜெனின் அந்தப் பிடியில் உட்கார்ந்துகொள்கிறது. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது.

என் மாமா மகனுக்கு ஹீமோஃபிலியா ஏ, அதாவது குருதி உறையத் தேவையான புரதங்களில் ஒன்றான 8ஆம் காரணி (ஃபேக்டர்) குறைவு. அவனுக்குக் கடைவாய்ப்பல் எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அத்தை மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுவே ரத்தத்தை உறைய வெச்சிடுமே, அப்புறம் ஃபேக்டர் ஊசி எதுக்கு?” என்று கேட்டார். எச்சிலுக்கே உறைவைக் கரைக்கும் தன்மை உண்டு, அதனால்தான் ஊசிக்குப் பிறகும் சில நாள் மாத்திரை வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: “சரி, ஊசி முடிச்சு போடுது, மாத்திரை அவிழாம பாத்துக்குது.”

அத்தை பிரித்துச் சொன்ன இந்த இரண்டையும் நம் சொல்லும் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரையை நம்பி ஊசியை விட்டுவிடுவார்கள். சிறுநீரில் ரத்தம் போகும்போது இந்த மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தான்: கரையாத கட்டி சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடலாம். ‘உறைப்பி’ என்ற பெயரிலிருந்து இது யாருக்கும் தோன்றாது.

முதலில் ‘உறைகாப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். குடிக்கிற காப்பி நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். ‘உறைகாப்பு மருந்து’ என்பது என் பரிந்துரை. 8ஆம், 9ஆம் காரணி ஊசிகளுக்கு ‘உறைகாரணி மருந்து’ போதும்.

ஹீமோஃபிலியா ஏ-வுக்குத் தரும் எமிசிசுமாப் என்ற மருந்து மட்டும் இரண்டிலும் அடங்கவில்லை. அது 8ஆம் காரணி இல்லை, ஆனால் 9ஆம், 10ஆம் காரணிகளை ஒன்றுசேர்த்து அதன் வேலையைச் செய்கிறது. ‘காரணிப் பதிலி’ எனலாமா?